அந்தக் காடு காலியா இல்லீங்க: மரம் நடுற குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மரம் நடுற குழுக்கள்ல இருக்கற அண்ணன்மார், அக்காமார், லீவு நாள்ல கடப்பாறையும் கையுமா கெளம்பி வர்ற காலேஜ் தம்பி தங்கச்சிக எல்லாருக்கும் வணக்கமுங்க.

மொதல்லயே சொல்லிப்போடறேன், இது திட்டறதுக்கு எழுதற மடல் இல்ல. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வெயில்ல நின்னு குழி வெட்டறவங்கள திட்ட எனக்கு மனசு வராது, அந்த நேரத்துல நாட்டுல பாதிப்பேரு பிரியாணிக் கடை க்யூல நிக்கறாங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி இந்தப் பக்கமெல்லாம் புல்லு மொளச்சுக் கெடக்கற மேய்ச்சக் காட்டப் (நாங்க கொறங்காடுன்னு சொல்ற மேய்ச்சல் நெலத்த) பாத்தீங்கன்னா தயவு செஞ்சு அதுல மரக்கன்னு நடாதீங்க. வேற எங்க வேணாலும் நடுங்க, அங்க மட்டும் வேண்டாம். ஏன்னு சொல்றதுக்குத் தான் இவ்வளவு நீளமா எழுதறேன், டீ குடிச்சுட்டே படிங்க.

நடந்தது என்னன்னா, எங்க பக்கத்து ஊர்ல ஒரு மேய்ச்சல் பொறம்போக்கு இருக்குது. ஐப்பசி மழைக்கு முன்னாடி அதுல ஜேசிபி எறங்குச்சு, புல்லெல்லாம் வேரோட பொரட்டி வரிசையா குழி, சுத்தியும் கல்லுக்கால் நட்டு கம்பி வேலி, வாசல்ல பெருசா ஒரு போர்டு, ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்து எல்லாரும் போயிட்டாங்க. எந்தக் குழுன்னு பேரு சொல்லப் போறதில்ல, சொல்லி என்ன ஆகப்போகுது. டேங்கர்ல தண்ணி விட்டது கொஞ்ச மாசம். அப்புறம் கோடையில பாதிக்கு மேல கருகிப்போச்சு, பொரட்டிப் போட்ட மண்ணுல சீமக்கருவேலந்தான் ஜோரா மொளச்சு வருது. ஆட்டுக்காரங்க உள்ள போக முடியாது. நல்ல எண்ணத்துல ஒரு ரூபாய் கூட திருடாம செஞ்ச வேலைதான் அது, அதனாலதான் இன்னும் வயித்தெரிச்சல்.

வெளியூர்க்காரங்களுக்காக கொறங்காடுன்னா என்னன்னு சொல்லிடறேன். கரூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்கள்ல மழை கம்மியான வானம் பாத்த பூமி நெறைய இருக்குது, சரளை மண்ணு, வெள்ளாமை வெச்சா போட்ட வெதை திரும்பி வராது. அந்த நெலத்துல எங்க முப்பாட்டங்காலத்துல இருந்து ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காங்க. சுத்தியும் முள்ளுக்கிளுவைல உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க ஒண்ணா வெள்ளவேலா மரம். அவ்வளவுதான். பெரும்பாலும் பட்டா நெலந்தான் இது, அதை ஒட்டி ஊருக்குப் பொதுவா மேய்ச்சல் பொறம்போக்கும் இருக்கும். சித்திரையில கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேருக்குக் கூடற மாட்டுச் சந்தையில நிக்குதே காங்கேயம் காளை, திமிலப் பாத்து செல்ஃபி எடுக்கறீங்களே, அது தின்னு வளந்தது இந்தப் புல்ல.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அந்த மரங்க எண்ணிக்கை. எங்காளுகளுக்கு மரம் வெக்கத் தெரியாம இல்லீங்க. வெள்ளவேலா எல தம்மாத்தூண்டு, வெயில் பாதி கீழ எறங்கும், அதனால மரத்தடியிலயும் புல்லு நிக்கும். மரம் அடர்த்தியாச்சுன்னா புல்லு செத்துப்போகும், அதனால தானா மொளைக்கறதுல வேண்டியத விட்டுட்டு மிச்சத்த வெட்டி வேலிக்கோ அடுப்புக்கோ எடுத்துக்குவாங்க. மரத்துக்கும் இதுல ஆதாயம் இருக்குது. கோடையில புல்லு காஞ்சு ஆடு மாட்டுக்கு ஒண்ணுமில்லாத நேரத்துல பாத்து வேலங்காய் முத்தி விழும், ஆடு ஓடி ஓடிப் பொறுக்கித் தின்னும், உள்ள இருக்கற வெதைக்கு தோல் கெட்டி, ஆட்டு வயித்துல ஊறுனா அது எளகும், பட்டியில புழுக்கையோட வந்து விழுந்து அடுத்த மழைக்கு மொளைக்கும். காய் மரத்தடியிலயே கெடந்தா ஒரு சின்ன வண்டு அதும் மேல முட்டை வெச்சிரும், பொரிச்ச புழு வெதைய தொளைச்சு உள்ள போயி தின்னுரும், வெதை பொட்டாயிரும். ஆக மரம் காய குடுக்குது, ஆடு வெதைய தூக்கிட்டுப் போகுது, ரெண்டு பேருக்கும் நட்டமில்ல. ஆடு உள்ள வராம வேலி போட்டீங்கன்னா இந்த யாவாரம் நின்னு போகும்.

புல்லுக்கு நடுவுல தரையோட படர்ற நரிப்பயறுன்னு ஒரு கொடி இருக்குது, அதைப் புடுங்கிப் பாத்தா வேர்ல சின்னச் சின்ன முடிச்சு தெரியும். அதுக்குள்ள பாக்டீரியா குடியிருந்துட்டு காத்துல இருக்கற நைட்ரஜன எடுத்துக் குடுக்குது, செடி அதுக்கு சக்கரை குடுக்குது. யூரியா மூட்டை ஒண்ணுகூட எறங்காத நெலத்துல வருசா வருசம் புல்லு வர்றதுல இந்தக் கொடிக்கும் ஒரு பங்கு இருக்குது.

இப்ப சாணிக்கு வர்றேன், மூஞ்சிய சுளிக்காதீங்க, இந்தக் கதையில எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். மழை ஈரம் இருக்கற நாள்ல மாடு சாணி போட்டுட்டு நகர்ந்த கொஞ்ச நேரத்துல பறந்து வந்து எறங்கும் சாணி வண்டு. சிலது உருண்டை புடிச்சு பின்னங்காலால தள்ளிட்டுப் போகும், சிலது அதே எடத்துல கீழ குழி தோண்டி சாணிய உள்ள எறக்கும், சிலது சாணிக்குள்ளயே குடித்தனம் பண்ணும். எல்லாம் முட்டை வெச்சு குஞ்சு வளக்கறதுக்குத்தான், ஆனா அது பண்றதுல மண்ணுக்குள்ள ஓட்டை விழுகுது, மழைத்தண்ணி உள்ள எறங்குது, எரு வேருக்குப் பக்கத்துல போயி சேருது, ஈ முட்டை வெக்கறதுக்கு சாணி மிச்சமாகறதில்ல. வண்ட கையில எடுத்து உத்துப் பாத்தீங்கன்னா அதும் மேல பேன் மாதிரி சின்னதா சிலது ஒட்டிட்டு இருக்கும். அது வண்ட கடிக்கறதில்ல, சாணிக்கு சாணி போறதுக்கு அதுக்கு ரெக்கை இல்ல, அதனால வண்டு மேல ஏறி வருது, எறங்குன எடத்துல ஈ முட்டையத் தின்னு ஈப்புழுவையும் தின்னுது. டிக்கெட் எடுக்காத பயணிதான், ஆனா வண்டோட குஞ்சுக்குப் போட்டியா வர்ற ஈய கொறச்சுக் குடுத்துட்டுப் போகுது.

இந்த வண்டு இல்லாட்டி என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க ஆஸ்திரேலியாவப் பாருங்க. 1788ல வெள்ளக்காரன் அங்க குடியேறுனப்ப மாட்டையும் கூட்டிட்டுப் போனான், மாட்டுச் சாணிய திங்கற வண்ட கூட்டிட்டுப் போகல. அங்க இருந்த வண்டெல்லாம் கங்காரு போடற காஞ்ச புழுக்கைக்குப் பழகுனது, ஈரமான சாணிய பெருசா சீண்டல. சாணி மாசக்கணக்குல அப்படியே காஞ்சு வறட்டியாட்டம் கெடந்து கீழ இருந்த புல்ல சாகடிச்சுது, ஈ பெருகி மனுசன் வாயத் தொறக்க முடியல. ஹங்கேரியில பொறந்து அங்க போயி சேந்த ஜார்ஜ் போர்னமிசான்னு ஒரு பூச்சி விஞ்ஞானி, இதுக்கு வண்டுதான் வழின்னு சொல்லி, 1965ல இருந்து 1985 வரைக்கும் அந்த நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமே ஆப்பிரிக்கா ஐரோப்பான்னு தேடிப்போயி சாணி வண்ட எறக்குமதி பண்ணி விட்டாங்க. ஒரு நாடே காசு செலவு பண்ணி வெளிநாட்டுல இருந்து வாங்குன வேலைக்காரன் நம்ம மேய்ச்சக் காட்டுல சும்மா உருட்டிட்டுத் திரியறான். (மாடு வெச்சிருக்கறவங்க யாராச்சும் படிச்சீங்கன்னா ஒரு வார்த்தை, ஐவர்மெக்டின் குடற்புழு மருந்த தேவையில்லாம மாத்தி மாத்திப் போடாதீங்க, அது சாணியில வந்து வண்டோட குஞ்சக் கொல்லுது. டாக்டர்கிட்ட கேட்டுப் போடுங்க.)

மாட்டோட நடக்கற கொக்க எல்லாரும் பாத்திருப்பீங்க, உண்ணிக்கொக்கு. பேரப் பாத்து அது மாட்டு மேல உண்ணி பொறுக்கறதுக்கு வருதுன்னு நெனைக்கறாங்க, அதுவும் பொறுக்கும், ஆனா மெயின் சாப்பாடு வேற. மாடு எட்டு வெக்கறப்ப புல்லுல இருந்து வெட்டுக்கிளி எந்திரிச்சுக் குதிக்கும், கொக்கு காலடியிலயே நின்னு கொத்திக்கும், தனியா தேடுனா நடக்க வேண்டிய தூரத்த விடக் கம்மியா நடந்தே வயிறு ரொம்பிரும். அதுக்கு மேல தாண்டிப் பறக்கற பூச்சிய எருமை முதுகுல உக்காந்திருக்கற கரிச்சான் குருவி புடிச்சுக்கும், கரிச்சானுக்குத் தப்புனத மைனா. ஒரு மாட்டுக்குப் பின்னாடி இத்தன பேரு சாப்படறாங்க, மாட்டுக்கு இதுல ஒண்ணும் போறதுமில்ல. அந்தக் கரிச்சான் இருக்குதே அது ரவுடி, கூடு கட்டியிருக்கற சமயத்துல பருந்து காக்கா எது வந்தாலும் தொரத்தித் தொரத்திக் கொத்தும், அதனால புறா, மாங்குயில் மாதிரி சாதுப் பறவைகெல்லாம் கரிச்சான் கூட்டுக்குப் பக்கத்துலயே கூடு கட்டிக்கும். வாடகை கெடையாது, காவல் மட்டும் கெடைக்கும்.

ஜேசிபி மொதல்ல ஒடச்சது புத்து. அந்த எடத்துல ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மூணு புத்து இருந்துச்சு, மேடு பள்ளம் சமம் பண்றோம்னு இடிச்சுத் தள்ளிட்டாங்க. கரையான்னா மரத்த அரிக்கற சனியன்னுதான் நமக்குத் தெரியும், ஆனா புத்து கட்டற கரையான் ஒரு விவசாயி. காஞ்ச புல்லு, சருகு, சாணியெல்லாம் கொண்டு போயி உள்ள தேன்கூடு மாதிரி ஒண்ணு கட்டி அதுல பூஞ்சாணம் வளக்குது, அதால நேரடியா செமிக்க முடியாதத பூஞ்சாணம் செமிச்சுக் குடுக்குது, ரெண்டும் ஒண்ணவிட்டு ஒண்ணு பொழைக்காது. நல்ல மழை பேஞ்சு சில நாள்ல புத்துல இருந்து வெள்ளையா கொடை விரிக்குமே புத்துக்காளான், அந்தப் பூஞ்சாணத்தோட பூவுன்னு வெச்சுக்கங்க. பட்டன் காளான் சிப்பிக்காளான் எல்லாம் ஷெட்டு போட்டு வளக்கறாங்க, இதை வளத்து விக்கற அளவுக்கு இன்னும் யாருக்கும் கை கூடல, கரையான் இல்லாம வராது. எங்க அம்மாயி அதுல வெக்கற கொழம்புக்கு மட்டன் நிக்க முடியாது, அது தனிக் கதை.

மழைக்கு முன்ன பின்ன புத்துல இருந்து ஈசல் கெளம்பும் பாருங்க, அன்னைக்கு அந்தக் காட்டுல யாரும் பட்டினி இல்ல. கரிச்சான், பனங்காடை, மைனா, தேரை, ஓணான், கோழி எல்லாத்துக்கும் விருந்து. அந்தக் காலத்துல மனுசனும் வெளக்கு வெச்சுப் புடிச்சு வறுத்து பொரியில கலந்து தின்னான். கரையான் விட்டுட்டுப் போன பழைய புத்துல நல்ல பாம்பு குடியேறும், பாம்பு எலியத் திங்கும், உடும்பு வந்து முட்டை தேடும், கௌதாரி சுத்தியும் கிண்டிட்டுத் திரியும். புத்துல பால் ஊத்தறத கிண்டல் பண்றவங்க இருக்காங்க, பாம்பு பால் குடிக்காதுன்னு எனக்கும் தெரியும், ஆனா மஞ்சத்துணி சுத்தி குங்குமம் வெச்ச புத்த எந்த ஜேசிபிக்காரனும் இடிக்கறதில்ல, அந்த மட்டுக்கு அந்தப் பாலுக்கு நன்றி.

"சரிங்க, இதெல்லாம் இருக்கட்டும், கூட நாலு மரமும் இருந்தா பறவைக்கு நல்லதுதானே"ன்னு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். எந்தப் பறவைக்குன்னு திருப்பிக் கேக்கணும். ஆக்காட்டி வெட்டவெளியில நாலு கல்லுக்கு நடுவுல முட்டை வெக்கும், கல்லு எது முட்டை எதுன்னு தெரியாது. வானம்பாடி, கௌதாரி, பக்கி எல்லாமே தரையில கூடு வெக்கற ஜாதி. இதுகளுக்குப் பாதுகாப்பே சுத்தியும் தூரத்துக்கு ஒண்ணுமில்லாம இருக்கறதுதான், எதிரி வர்றது முன்னாடியே தெரியும். நீங்க வரிசையா மரம் வெச்சீங்கன்னா காக்காய்க்கும் வல்லூறுக்கும் மேல உக்காந்து நோட்டம் பாக்க வசதியா ஸ்டூல் போட்டுக் குடுத்தாச்சு. மரத்துல கூடு கட்டற பறவை வரும், ஒத்துக்கறேன், அதெல்லாம் ஊருக்குள்ளயும் தோப்புலயும் எப்படியும் இருக்கற பறவை. தரையில இருந்தது போகும், அதுக்கு வேற போக்கிடம் இல்ல.

குளிர்காலத்துல பூனைப்பருந்துன்னு ஒண்ணு வரும், புல்லுக்கு மேல ஆள் ஒசரத்துல சாஞ்சு சாஞ்சு பறக்கும். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளியில குஞ்சு பொரிச்சுட்டு மலை பாலைவனமெல்லாம் தாண்டி இங்க வந்து வெட்டுக்கிளி, எலி புடிச்சுத் தின்னுட்டு மறுபடியும் போறது. பருந்துன்னா மரத்துல தூங்கும்னு நெனைப்போம், இது ராத்திரியில புல்லுக்குள்ள தரையில கூட்டமாப் படுக்கும். அங்கயும் புல்வெளி, இங்கயும் புல்வெளி, அதுக்கு வேற ஊரே தெரியாது. அது வந்து எறங்கற எடத்துலதான் நீங்க குழி வெட்டிட்டு இருக்கறீங்க. குடியிருக்கற வீட்ட காலி மனைன்னு நெனச்சு போர் போட வண்டியக் கொண்டாந்து நிறுத்துன மாதிரி இருக்குதுங்க.

உங்கள மட்டும் சொல்லிக் குத்தமில்ல, சர்க்காரே அப்படித்தான் எழுதி வெச்சிருக்குது. வெள்ளக்காரனுக்கு வரி வராத நெலமெல்லாம் தரிசு, மரம் அறுக்க முடியாத காடெல்லாம் வேஸ்ட்டு. இன்னைக்கும் மத்திய அரசு போடற தரிசு நெல அட்லஸ்ல முள்ளுப்புதரும் மேய்ச்சல் தரையும் ஒரு வகையா உக்காந்திருக்குது. எங்க மாவட்டத்துல நஞ்சராயன் குளத்த 2022ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க, 2024ல ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்லயும் சேந்துச்சு, ரொம்ப சந்தோசம், தண்ணியில இருக்கற பறவைக்கு ஒரு எடம் ஆச்சு. புல்லுல இருக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி, மரம் ரெண்டும் இருந்தாத்தான் நம்ம கண்ணுக்கு இயற்கைன்னு தெரியுது போல.

நல்ல எண்ணத்துல வெதை போட்டு என்ன ஆச்சுங்கறதுக்கு சீமக்கருவேலமே சாட்சி. அது யாரோ சதி பண்ணி நாட்டுல தூவுனதுன்னு வாட்ஸப்புல ஒரு கதை சுத்துது, அப்படி இல்லீங்க. 1870கள்ல மெட்ராஸ் மாகாணத்து வனத்துறை, வறண்ட நெலத்துக்கு வெறகு மரம் வேணும்னு ஜமைக்காவுல இருந்து வெதை வரவழைச்சு கடப்பா பக்கம் நட்டது, 1877ல வந்த வெதைன்னு பதிவு இருக்குது. பசுமையாக்கணும்னுதான் அவங்களும் நெனச்சாங்க. வறட்சி தாங்கும், ஆடு எலைய அவ்வளவா கடிக்காது, காய் மட்டும் இனிப்பு, தின்ன ஆடெல்லாம் ஊர் பூரா வெதைச்சுது. வெள்ளவேலா நம்ம ஆட்டோட போட்டுக்கிட்ட அதே ஒப்பந்தந்தான், ஆனா இதுக்கு இங்க எதிராளி யாருமில்ல. ராமநாதபுரத்துல கரிமூட்டம் போட்டு அதை வெச்சு அடுப்பெரியற குடும்பமும் நெறைய இருக்குதுங்கறதையும் சொல்லணும், ஒரே வார்த்தையில கெட்ட மரம்னு முடிக்க முடியாது. ஆனா 2022ல தமிழ்நாடு அரசு அந்நிய களைத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வர்ற அளவுக்கு அது போயிருச்சு.

தூத்துக்குடி மாவட்டத்துல வல்லநாட்டுல வெளிமானுக்குன்னு 1987ல ஒரு சரணாலயம் வெச்சாங்க, பதினாறு சதுர கிலோமீட்டர் சொச்சம், வெளிமான் இயற்கையா இருக்கறதுல தெக்குக் கடைசி எடம் அது. வெளிமான் காட்டுக்குள்ள ஒளியற பிராணி இல்ல, கண்ணால தூரத்துல பாத்து ஓட்டத்துல தப்பிக்கற பிராணி. புதர் மூடி கண்ணு மறைஞ்சா நாய் கிட்ட வர்றது தெரியாது, வேகம் இருந்தும் பிரயோஜனமில்ல. இதுல பெரிய கொடுமை என்னன்னா அந்த மானும் சீமக்கருவேலங்காய ஆசையா தின்னும், தின்னுட்டு வெட்டவெளியில போயி புழுக்கை போட்டு தன் வீட்டுக்குத் தானே முள்ளு வெதைக்கும்.

நீலகிரி கதை தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்றேன். மேல கொஞ்சம் சோலை, மீதி புல்வெளின்னு இருந்த மலையில புல்வெளிய சும்மா கெடக்குதுன்னு சீகை மரமும் தைல மரமும் நட்டாங்க, வெள்ளக்காரன் ஆரம்பிச்சான், சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடறதுக்கும் ரேயானுக்கும் நாமளே இன்னும் பெருசா நட்டோம். மழைத்தண்ணிய ஸ்பாஞ்சா புடிச்சு வெச்சுட்டு மெதுவா ஓடைக்கு விட்டுட்டு இருந்தது அந்தப் புல்லு. வரையாடு புல்வெளியிலதான் மேயும், பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா பூக்கற குறிஞ்சியும் அந்தத் தெறந்த சரிவுலதான். 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030. 2024ல எண்ணுனப்ப தமிழ்நாட்டுல வரையாடு 1,031. இப்ப அரசாங்கமே காசு செலவு பண்ணி அந்தச் சீகை மரத்த வெட்டி எடுத்துட்டு இருக்குது. அங்க நட்டவங்களும் போட்டோ எடுத்துத்தான் இருப்பாங்க.

உங்கள்ல நெறையப் பேரு மியாவாக்கி முறையில, அதாவது சின்ன எடத்துல நெருக்கமா நடறீங்க. அதைக் கொண்டு வந்த ஜப்பான் தாவர விஞ்ஞானி அகிரா மியாவாக்கி பெரிய மனுசன், 2021ல காலமாயிட்டார். அவர் மொதல் வேலையா என்ன சொன்னார்னா, அந்த எடத்துல மனுசன் கை வெக்கறதுக்கு முன்னாடி இயற்கையா என்ன இருந்திருக்கும்னு கண்டுபுடி, அதை நடு. ஜப்பான்ல மழை பேயற அளவுக்கு அங்க காடு இருந்துச்சு, அதனால அவர் காடு நட்டார். மூலனூர்ல அதே கேள்வியக் கேட்டா பதில் புல்லும் முள்ளும்னு வரும். கேள்விய விட்டுட்டு நெருக்கமா நடறத மட்டும் எடுத்துட்டு வந்தா அது அவரோட முறையே இல்ல.

மரம் வெச்சா மழை வரும், கார்பன் கொறையும்னு சொல்லுவீங்க. புல்லு கார்பன மண்ணுக்குள்ள வேர்ல சேத்து வெக்குது, அது நம்ம கண்ணுக்குத் தெரியாததால கணக்குல வர்றதில்ல. ஜேசிபியில பொரட்டுனா அது வெளிய போயிரும். அதும் போக கெணறு வத்துன ஊர்ல டேங்கர் வெச்சு நீர்மருதுக்குத் தண்ணி ஊத்தறது எனக்கு எப்படியோ இருக்குதுங்க. நீர்மருது ஆத்தங்கரை மரம், பேருலயே தண்ணி இருக்கறத சரளக் காட்டுல கொண்டாந்து வெச்சா அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லணும், இல்லாட்டி உங்க மேல மட்டும் பாயற மாதிரி ஆயிரும். கொறங்காட்ட அழிக்கறதுல மரம் நடறவங்க பங்கு கம்மிதான். சைட்டு போட்டு வித்தவங்க, சோலாருக்குக் குத்தகைக்கு விட்டவங்க, நாலு தலைமுறையா நின்ன கிளுவை வேலிய வெட்டிப்போட்டு கம்பி இழுத்தவங்க எல்லாம் எங்காளுகதான். கிளுவை வேலின்னா சும்மா முள்ளு இல்ல, மழைக்கு முன்னாடி குச்சி ஒடிச்சு நட்டா வந்துரும், ஆட்டுக்குத் தழை, கொண்டைக்குருவிக்கும் தவுட்டுக் குருவிக்கும் கூடு, பச்சோந்திக்கு ரோடு, கீரிக்கு மறைவு. கம்பியில என்ன இருக்குது, துணி காயப் போடலாம். பசங்க திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க, ஆடு மேய்க்கறேன்னு சொன்னா பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க, வயசானவங்க எத்தன நாளைக்குப் பட்டிக்குக் காவல் படுப்பாங்க. இதெல்லாம் நடந்துட்டு இருக்கற நேரத்துல மிச்சம் மீதி இருக்கற பொறம்போக்கையும் பசுமைங்கற பேர்ல நீங்க வேலி போட்டீங்கன்னா ஆட்டுக்காரனுக்கு ஆட்ட விக்கறதத் தவிர வேற வழி இல்ல. ஆடு மாடு போனா சாணி போச்சு, வண்டு போச்சு, மேய ஆளில்லாத புல்லு முத்திக் காஞ்சு முள்ளு மூடிரும்.

நடணும்னு ஆசையா இருந்தா எடமா இல்ல. நொய்யல் கரை மொட்டையா கெடக்குது, அமராவதி கரை இருக்குது, நாலு வழிச்சாலைக்கு வெட்டுன புளியமரத்துக்குப் பதிலு இன்னும் யாரும் வெக்கல, பள்ளிக்கூடத்து மைதானத்து ஓரம், பஸ் ஸ்டாண்டு, திருப்பூர்ல தகரக் கொட்டாய் போட்ட கம்பெனி வாசல் எல்லாம் நெழலுக்கு ஏங்குது. மேய்ச்சக் காட்டுக்குத்தான் ஏதாச்சும் பண்ணணும்னா சீமக்கருவேலம் சின்னதா இருக்கறப்பவே வேரோட புடுங்க வாங்க, கை நெறைய வேலை இருக்குது, கிளுவைக் குச்சி நட வாங்க, கொழுக்கட்டைப் புல்லு வெதை சேத்துத் தூவ வாங்க. ரிப்பன் வெட்ட முடியாது, அது ஒண்ணுதான் கொறை.

ஒரு எடத்தத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி அங்க ஆடு மேய்க்கறவர் ஒருத்தர்கிட்ட, ஆணோ பொண்ணோ, ஒரு சாயங்காலம் உக்காந்து பேசுங்க. மழை பேஞ்ச ஒரு வாரத்துல ஒருக்கா, கோடையில ஒருக்கா நடந்து பாருங்க. தாசில்தார் ஆபீஸ்ல தரிசுன்னு எழுதியிருக்கறத மட்டும் நம்பாதீங்க.

அப்புறம், பக்கத்து ஊர்ல வேலி போட்ட அந்தக் குழுவுக்கு மட்டும் தனியா ரெண்டு வார்த்தை. தப்பிப் பொழைச்ச கன்னுகள யாரும் வெட்டச் சொல்லல, அது பாட்டுக்கு இருக்கட்டும். செத்துப்போன குழிகள்ல மறுநடவு பண்றதுக்கு அடுத்த மழைக்கு வர்றதா ஊர்ல பேசிக்கறாங்க, அதை நிறுத்திட்டு அந்தக் குழிகள மூடிக் குடுங்க, போன மாசம் ஒரு செனை ஆடு அதுல விழுந்து கால ஒடிச்சுக்கிச்சு. கம்பி வேலியில மேக்கால ஒரு பத்தடி தொறந்து விடுங்க, ஆடு உள்ள வந்து போகட்டும். போர்டு அப்படியே இருக்கட்டும், அதுல ஒரு கரிச்சான் உக்காந்து பழகிருச்சு.